ஒரு சொட்டு முன்பே

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளிடமிருந்து நான் எடுத்தது ஏற்கெனவே போதும்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேரும் மூன்று வருடம் ஒன்றாக இருந்தோம். இருவருக்கும் ஒரே பேராசிரியர்தான் வழிகாட்டி. அவரைச் சார் என்றே சொல்லிவிடுகிறேன். நான் மார்த்தாண்டம் பக்கம். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பவர். எம்.எஸ்சி.யில் நான் பல்கலைக்கழகத்தில் முதலிடம். அவள் கோட்டாறு. ஏதோ தேறிய மதிப்பெண். முதல் நாள், சாயம் வெளுத்த ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றவளைப் பார்த்தபோது எனக்கு இரக்கம்தான் வந்தது. அந்த இரக்கம் மதியம் வரைக்கும் இருந்தது.

மதியம் நான் ஒரு கிணற்று நீரின் கடினத்தன்மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடுவையில் இருக்கும் நீரில் ஒரு சாயப்பொடியைப் போட்டால் திராட்சை ரசம் மாதிரி சிவந்துவிடும். மேலேயிருந்து கண்ணாடிக் குழாய் வழியாக ஒரு கரைசலைச் சொட்டுச்சொட்டாக விழவிட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் சிவப்பு முழுக்கப் போய் நீலமாகும். சரியாக அந்தச் சொட்டில் நிறுத்தத் தெரிய வேண்டும். அதில் எனக்கு இரண்டு வருடப் பழக்கம்.

பின்னாலிருந்து "போதும்" என்றாள்.

நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னொரு சொட்டு விட்டேன். நீலமானது. திருப்தியாக நிமிர்ந்தேன்.

"முந்துன சொட்டுலயே மாறிட்டு. சிவப்பு செத்துட்டு, பாத்தியா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. என் புடவையில் ஒட்டிய தூசியை எடுத்துவிடுகிற மாதிரி சொன்னாள்.

சார் கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு இந்த மாதிரி விஷயங்களில் குழந்தை மாதிரி ஆசை. ஒரே தண்ணீரை ஐந்து குடுவைகளில் ஊற்றி, எதற்கும் பெயர் ஒட்டாமல் இரண்டு பேரிடமும் கொடுத்தார். அவளுடைய ஐந்து அளவுகளும் ஒன்றுபோல் இருந்தன. என்னுடையவை ஒன்றுக்கொன்று சற்றே மாறியிருந்தன. "இது கண்ணா, மிஷினா?" என்று சார் சிரித்தார். அன்றிலிருந்து யாருக்கு எந்த நிறத்தில் சந்தேகம் வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். என் மேஜையைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும்.

அவள் அம்மா கோட்டாறில் ஒரு குறுகலான தெருவில் மேட்சிங் பிளவுஸ் துணிக்கடை வைத்திருந்தார். தரையிலிருந்து கூரை வரைக்கும் துணிச்சுருள்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்து நின்றவள் அவள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுக்குச் சேர்ந்த நிறம் வேணும்" என்று பெண்கள் வருவார்கள். டியூப்லைட் வெளிச்சத்தை நம்பக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். துணியைத் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்திலும் அவள் அப்படித்தான், குடுவையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

"எங்க கடையில பச்சையே எம்பிட்டு உண்டு தெரியுமாட்டி? கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து, வாழையிலை, மழை பெய்ஞ்ச வாழையிலை…"

"மழை பெய்ஞ்ச வாழையிலைக்குத் தனி நிறமா?"

"பின்னே?" என்பாள், அது எனக்குத் தெரியாதது ஆச்சரியம் என்பது போல.

அவளிடம் இன்னொரு குணமும் இருந்தது. தவறு நடந்தால் உடனே தன்மேல் போட்டுக்கொள்வாள். ஒருமுறை விலை உயர்ந்த ஒரு கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தது. நானும் அதைப் பயன்படுத்தியிருந்தேன், அவளும் பயன்படுத்தியிருந்தாள். யாரால் என்று யாருக்கும் தெரியாது. சார் கேட்டு முடிப்பதற்குள் "நானாத்தான் இருக்கும் சார்" என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. எனக்குத் தூக்கம் கெட்டிருக்கும்.

பொறாமை என்று எழுதும்போது லேசாகத் தெரிகிறது. எனக்கு அது தினசரி வேலை போல இருந்தது. காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறும்போதே, இன்றைக்காவது அவள் ஒன்றைத் தப்பாகப் பார்த்துவிட மாட்டாளா என்று நினைப்பேன். என் வாசிப்பு, என் ஆங்கிலம், நான் மனப்பாடமாக வைத்திருந்த சமன்பாடுகள் எல்லாம் ஒரு பக்கம். அவள் கண் ஒரு பக்கம். கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். கடையில் துணி வெட்டி வந்த கண் அது.

மங்குஸ்தான் தோலிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலையை மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்தேன். உயரமான கண்ணாடிக் குழாயில் வெள்ளைப் பொடியை நிரப்பி, தோலின் சாற்றை மேலே ஊற்றி, மெல்ல மெல்ல இறங்க விடுவது. இறங்கும்போது பொருள்கள் தனித்தனி நிறப் பட்டைகளாகப் பிரியும். எனக்கு ஒரே ஒரு மஞ்சள் பட்டை கிடைத்தது. அவள் போகிற போக்கில் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு மஞ்சள் கெடக்கு" என்றாள்.

"ஒண்ணுதான்."

"கீழ உள்ளது எலுமிச்சை. மேல உள்ளதுல கொஞ்சம் காவி ஏறிருக்கு. நடுவுல வச்சு வெட்டு."

வெட்டினேன். இரண்டு வேறு பொருள்கள். மேலே இருந்தது அதுவரை நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று. சார் கட்டுரை எழுதும்போது யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டார். அவள் முந்திக்கொண்டு, "மூணு வாரம் நின்னது அவளாக்கும் சார். அவ பேரைப் போடுங்க" என்றாள். என் பெயர் முதலில் வந்தது. அச்சான கட்டுரையை அப்பா சபையில் காட்டினார். எல்லோரும் கைகொடுத்தார்கள். அவள் போட்ட பிச்சையில் நிற்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் நிச்சயத்துக்கு எடுத்த பட்டு செம்புமல்லாத, மாம்பழ நிறமுமல்லாத ஒரு நிறம். மார்த்தாண்டத்தில் ஏறி இறங்காத கடை இல்லை, பிளவுஸ் துணி சேரவில்லை. ஒருநாள் தையற்கடைக்குக் கொண்டுபோகிற வழியில் ஆய்வுக்கூடத்தில் ஐந்து நிமிடம் புடவையைப் பிரித்துக் காட்டியிருந்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் பேப்பரில் சுற்றிய ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து தந்தாள். புடவைமேல் வைத்தபோது எங்கே புடவை முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று தெரியவில்லை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அக்கா, "பிளவுஸ் எங்க எடுத்தது?" என்று கேட்டார். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்.

"திருவனந்தபுரத்துல" என்றேன்.

அவள் முறைத்திருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டிருக்கலாம். "அங்க நல்ல துணி கிடைக்கும்" என்று மாப்பிள்ளையின் அக்காவிடம் தலையாட்டினாள். என்னை விட்டுக்கொடுக்காமல் நின்ற அவளை அன்று எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்காமல் போனது.

இனி சாயாவுக்கு வருகிறேன்.

திற்பரப்பு அருவியைத் தாண்டி மலையடிவாரம் வரைக்கும் உள்ள ஊர்களின் கிணறுகளையும் ஓடைகளையும் சோதிக்கிற வேலை எங்களுக்கு வந்தது. எங்கும் ரப்பர். அவள் ஸ்கூட்டரை ஓட்டுவாள். பின்னால் நான், மடியில் ஐஸ்பெட்டி. எந்த ஊரில் இறங்கினாலும் அவள் முதலில் சாயாக்கடைக்குப் போவாள். பால் சேர்க்காத கட்டஞ்சாயாதான் வாங்குவாள். வாங்கிக் குடிக்காமல் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஏட்டி, ஒரு நாளைக்கு எத்தனை சாயா குடிப்ப?" என்று எரிச்சலில் ஒருமுறை கேட்டேன்.

"குடிக்கவா வாறேன்? பாக்கவாக்கும் வாறேன்." கிளாஸை என் பக்கம் நீட்டினாள். "கிணத்து வெள்ளத்துல புளிப்பு இருந்தா சாயா வெளுத்து, பளபளன்னு இருக்கும். காரம் ஏறினா கறுத்து, செத்த மாதிரி ஆயிரும். இரும்பு இருந்தா மை ஊத்துன மாதிரி. நாம பாட்டில் பாட்டிலா அள்ளிட்டுப் போயி பாக்கோம். இவங்க காலையில அஞ்சு மணியில இருந்து டெஸ்ட் பண்ணி கிளாஸ்ல ஊத்தித் தாறாங்க மக்கா."

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் எதிரே அந்த ஊர்ச் சாயாவின் நிறத்தை வண்ணப் பென்சிலால் ஒரு சின்னக் கட்டத்தில் தீட்டி வைத்திருந்தாள். அந்த ஊர்த் தண்ணீரின் சோதனை முடிவுகள் வந்ததும் பக்கத்தில் எழுதுவாள். பக்கம் பக்கமாக நிறமும் எண்ணும் பொருந்திப் போயின. இது ஒரு புதிய வழி என்பது எனக்கு உடனே புரிந்தது. அவளுக்கு அது கடை விளையாட்டு.

மலையோரத்து ஊர் ஒன்று, அதன் பெயர் வேண்டாம். மேட்டில் ரப்பர் பாலைக் கெட்டியாக்கும் ஆலை. பால் உறைந்துவிடாமலிருக்க அமோனியா சேர்த்துப் பீப்பாய்களில் கொண்டுவருவார்கள். பீப்பாய் கழுவிய தண்ணீர் பின்பக்கமாக இறங்கும். ஆலைக்குக் கீழே சரிவில் ஒரு சாயாக்கடை, அதை நடத்தியது ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா. அவள் வழக்கம்போல் கிளாஸை வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மக்களே அப்பிடிப் பாக்கிய? ஈச்ச ஏதும் விழுந்து கெடக்கா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. சாயா எப்பவும் இந்த நிறந்தானா?"

"அத ஏன் கேக்க! மூணு பொடி மாத்தியாச்சு. கலப்படத்தக் கொண்டு எந்தலையில கெட்டுதியான்னு பொடிக்காரன்கிட்ட சண்டையும் போட்டாச்சு. ரெண்டு மாசமா ஆளு வரத்து கொறஞ்சு போச்சு."

"எந்தக் கிணத்து வெள்ளம்க்கா?"

"நம்ம கிணறுதான். பொறத்தால கெடக்கு."

ஆலைக்கு மேலே ஒரு வீட்டுக் கிணறு இருந்தது. என்னை அங்கே அனுப்பி ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். போய்க் கொண்டுவந்தேன். ஒரே பொடி, ஒரே அளவு, ஒரே அடுப்பு. இரண்டு தண்ணீரிலும் தனித்தனியாகப் போட்டு, இரண்டு கிளாஸ்களைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் மாதுளை முத்தின் சிவப்பு. மற்றது கருப்பட்டிப் பாகு. கடையிலிருந்த நாலைந்து பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"எனக்க ஏசுவே!" என்று அக்கா வாயில் கைவைத்தார். பிறகு, "அப்போ அந்தப் பொடிக்காரன் பாவம்லா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாகர்கோவிலிலிருந்து தண்ணீர் சோதிக்கும் மீட்டரையும் ஐஸ்பெட்டியையும் மடியில் சுமந்து வந்தவள் நான். இரண்டு கிளாஸைத் தட்டிவிட எவ்வளவு நேரமாகும் என்று சிரித்துக்கொண்டே நினைத்தேன்.

அந்தச் சரிவில் நான்கு கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்தோம். ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, அன்று சாயங்காலமே குளிர்பெட்டியில் வைத்தோம். மறுநாள் அமோனியாவுக்கான சோதனை. அதற்கு ஒரு மருந்து உண்டு. அமோனியா கொஞ்சம் இருந்தால் மஞ்சள், நிறைய இருந்தால் காவி. நான்கும் காவியாயின. "ஏட்டி!" என்று அவள் போட்ட சத்தத்தில் சார் ஓடிவந்தார்.

சார் நான்கு சோதனைக் குழாய்களையும் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதை நாம எழுதினா நேரே கலெக்டர் ஆபீசுக்குப் போகும். ஆலைக்காரன் வக்கீலோட வருவான். ஒரு சந்தேகம்கூட இருக்கக்கூடாது." சுற்றுமுற்றும் பார்த்தார். "காலையில இந்த ரூம்ல கடினத்தன்மை பார்த்தது யாரு?"

"நாந்தான் சார்" என்றாள் அவள்.

கடினத்தன்மை பார்க்கும்போது சேர்க்கிற கரைசலில் அமோனியா உண்டு. அந்தப் பாட்டில் திறந்திருக்கும்போது பக்கத்தில் கிணற்று நீரைத் திறந்து வைத்தால், காற்றில் கலந்து வருவதையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எந்தத் தண்ணீரைச் சோதித்தாலும் காவிதான். சார் கேட்டது அதைத்தான்.

"அந்தப் பாட்டில மூடினியா?"

அவள் யோசித்தாள். "மூடினேன்னு நெனைக்கேன் சார். தண்ணி எடுக்க ஓடுனதுல… சரியா ஞாபகமில்ல."

உண்மையில் அவள் மூடவில்லை. மூடியது நான். அவள் குளிர்பெட்டி இருந்த அறைக்குப் போனதும் நெடி தாங்காமல் நான்தான் மூடியைத் திருகி, பாட்டிலை, நெடியை வெளியே இழுத்துவிடும் புகைக்கூண்டுக்குள் வைத்துக் கதவை இறக்கினேன். மூடி இறுகிக்கொண்டதால் இரண்டு கையாலும் திருகினேன். அதன்பிறகுதான் அவள் கிணற்று நீர்ப் பாட்டில்களோடு வந்தாள். ஒரு சந்தேகமும் இல்லை.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"திறந்துதான் இருந்துது சார். நான் மூடினேன்" என்றேன். அதுவரை உண்மை.

"நீ மூடும்போது சாம்பிள் பாட்டில் மேஜைக்கு வந்திருந்துதா?"

இத்தனை வருடங்களில் அந்தக் கேள்விக்கு ஆயிரம் முறை சரியான பதில் சொல்லியிருக்கிறேன், குளியலறையில், பஸ்ஸில், சபையில் முழங்காலிட்டு நிற்கும்போது. அன்று அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு இந்த முகம் பேப்பரில் வரும் என்று தோன்றியது.

"வந்திருந்துது சார்" என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்மேல் சந்தேகமே இல்லை. தன்னையே தேடிக்கொண்டிருந்தாள். "அப்போ நானாத்தான் இருக்கும் சார்" என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி எடுத்து வரச்சொன்னார் சார். மறுநாள் இடவப்பாதி மழை, ஜூன் மாதப் பருவமழை, இறங்கியது. மூன்று வாரம் மலைப்பக்கம் போக முடியவில்லை. போனபோது கிணறுகள் கைக்கெட்டுகிற உயரத்துக்கு நிரம்பியிருந்தன. புதுத்தண்ணீர். சோதனையில் லேசான மஞ்சளுக்குமேல் ஏறவில்லை. "நம்ம பாட்டில்தான் நம்மள ஏமாத்தியிருக்கு" என்று சார் அவள் மனம் நோகாமல் சொன்னார்.

அன்று திரும்பும்போது சாயாக்கடை அக்கா, "இப்போ செரியாயிட்டு மக்களே" என்று கட்டஞ்சாயா தந்தார். நல்ல நிறம். அவள் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் ஏறும்முன் என்னிடம் கேட்டாள்.

"செரி, பாட்டில் எனக்க தப்பு. அன்னிக்கு ரெண்டு கிளாஸ்ல பாத்தது என்னது? ஒரே பொடிதானே போட்டோம்?"

அந்தக் கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்தேன். "கிளாஸ் கழுவுன சோப்பு இருந்திருக்கும்ட்டி" என்றேன். சோப்பு பட்டாலும் சாயா கறுக்கும். பொருத்தமான பதில். அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அதன்பிறகு அவள் எதையும் மூன்று தடவை, நான்கு தடவை பார்க்க ஆரம்பித்தாள். நிறம் மாறும் இடத்தில் நிறுத்திவிட்டு, "நீயும் ஒண்ணு பாரேன்" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் போய்ப் பார்த்து, "இன்னும் ஒரு சொட்டு" என்பேன். விடுவாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க முடியாது. பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு வருடத்துக்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தாள். "இதெல்லாம் எனக்குப் பொறுப்பா செய்யத் தெரியல்ல" என்று சாரிடம் சொன்னாளாம். கடைசி நாள் அந்தச் சாயா நோட்டை என் கையில் தந்தாள். "உனக்கு உதவும்."

உதவியது. என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க அதுதான். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அந்த அத்தியாயத்தைத்தான் புகழ்ந்தார். நன்றி சொன்ன பக்கத்தில் பதினொரு பெயர்களில் ஒன்றாக அவள் பெயரும் இருக்கிறது. மலையோரத்து அந்த ஊரின் கட்டத்தை மட்டும் நான் சேர்க்கவில்லை. இரண்டு கோடை கழித்து, நாற்றம் தாங்காமல் அந்த ஊர்க்காரர்கள் குடங்களோடு ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து சோதித்து, ஆலையில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டவைத்து, ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். பேப்பரில் வாசித்தேன். அந்த இரண்டு கோடையும் அவர்கள் எதைக் குடித்தார்கள் என்று தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்திருந்தது.

போன ஜனவரியில் குளச்சல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். வேதியியல் டீச்சராக அவள் வந்து என் கையைப் பிடித்தாள். காதோரம் நரைத்திருந்தது. மற்றபடி மாறவில்லை. என்னை நடுவராக அழைக்கச் சொன்னதே அவள்தானாம். "பிள்ளைகளா, எனக்க கூட ஒண்ணா ஆராய்ச்சி செய்தவங்க. பெரிய ஆளு" என்று பெருமையாக அறிமுகப்படுத்தினாள்.

ஒரு மாணவி ஊர்க் கிணற்று நீரில் கடினத்தன்மை பார்த்துக் காட்டினாள். திராட்சை நிறம், சொட்டு, சொட்டு. நான் குடுவையைப் பார்க்கவில்லை, மாணவிக்குப் பின்னால் நின்ற அவளைத்தான் பார்த்தேன். ஓர் இடத்தில் அவள் கை தானாக எழுந்தது. நிறுத்து என்று சொல்லப்போகிற கை. பாதியிலேயே கீழே போனது.

"நீயே பாத்துச் சொல்லு மோளே. டீச்சருக்கு இதெல்லாம் சரியாத் தெரியாது" என்றாள்.

மாணவி இன்னொரு சொட்டு விட்டாள்.

"உனக்கா தெரியாது?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் பக்கம் கைகாட்டினாள். "இவங்ககிட்ட கேளு, சொல்லுவாங்க. டீச்சர் பண்டு ஒரு மூடிய மூடாமப் போயி, ஒரு ஆலைய மூட வைக்கப் பாத்தாங்கன்னு. ஒவ்வொரு வருஷமும் மொத பிராக்டிகல் கிளாஸ்ல இந்தக் கதையச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். எனக்க கூட இருந்த ஒரு ஆளு பாத்துச் சொன்னதுனால தப்பிச்சோம்." என் தோளைத் தட்டினாள். "அது இவங்கதான்."

பிள்ளைகள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

பரிசுகளை அறிவித்து முடித்ததும், ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. நான் மூடும்போது கிணற்று நீர்ப் பாட்டில்கள் மேஜையில் இல்லை என்றேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. "நீ மூடின பெறவுதான் நான் கொண்டு வந்தேனா?"

"ஆமா."

"எங்க வச்ச அத?"

"புகைக்கூண்டுக்குள்ள. கதவையும் இறக்குனேன்."

"அப்போ அந்த நாலு கிணறும்?"

"நீ பாத்ததுதான் செரி."

"கிளாஸ்ல சோப்பு?"

"சோப்பு ஒண்ணும் இல்ல. நாஞ்சொன்ன பொய்."

அடிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் முகம் மலர்ந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போனாள். "எனக்க கண்ணு தப்பல்ல" என்றாள். சத்தமாகச் சிரித்தாள். "ஏட்டி, எனக்க கண்ணு தப்பல்ல! நான் என்னவெல்லாமோ நெனச்சேன். மூளையில ஏதும் கோளாறோன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்."

நான் எதற்காகக் கேட்கிறேன் என்று தெரியாமலேயே, "உனக்கு எம்மேல கோவமில்லியா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது. கோபம் என்று ஒன்று இருக்கிறதே என்று இப்போதுதான் நினைவு வந்த மாதிரி என்னைப் பார்த்தாள்.

"பேப்பர்ல வாசிச்சப்போ, பெறவு கெட்டுப்போன வெள்ளம்னு நெனச்சேன். அந்தச் சாயாக்கடை அக்கா ரெண்டு கோடை அந்த வெள்ளத்தத்தானே குடிச்சாங்க?"

"ஆமா."

அவள் மேஜையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "நீ சொன்னத அப்படியே எழுதித் தா. எட்டு வருஷமா பிள்ளைகளுக்குப் பொய்யச் சொல்லிக் குடுத்திருக்கேன். வாசிச்சுக் காட்டணும்."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு, கண்காட்சிப் பக்கம் வராத வேறொரு வகுப்புப் பிள்ளைகள் இருந்த பக்கத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவில் நடந்தேன். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவள் வாசிப்பது கேட்டது. நான் எழுதிய வாக்கியங்கள், கீழே இருந்த என் பெயர் மட்டும் இல்லாமல். பிறகு ஒரு பெண்குரல் கேட்டது.

"டீச்சர், அந்த ஆளு யாரு?"

"எனக்க கூடப் படிச்சவ" என்றாள். "நல்ல மார்க்கு எடுத்தவ."

அதில் கேலி இருக்கிறதா என்று நின்று கேட்டேன். இல்லை.